ஓய்வூதியமும் ஊர்ப்பொறுப்பும்

பொக்கேத்தே, பனாமா

அன்புள்ள தம்பிக்கு,

வரும் மே மாதக் கடைசியில் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெறப்போவதாக எழுதியிருந்தாய். ‘அதற்கப்புறம் காலையில் எழுந்து எங்கே போவதென்று தெரியவில்லை அண்ணா, அந்த ஊரில் நீங்கள் எப்படித்தான் பொழுதைக் கழிக்கிறீர்கள்?’ என்றும் கேட்டிருந்தாய். இந்தக் கேள்வி எனக்கும் ஹூஸ்டனில் வேலையை விட்ட நாளில் இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நம் ஊர் பெருமுக்கல்லில் உன் வயதொத்த மற்றவர்களுக்கும் படித்துக் காட்டு.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். பனாமாவின் மேற்குக் கோடியில், கோஸ்டாரிகா எல்லையைத் தொடும் சிரிக்கி மாகாணத்தில் இருக்கிறது பொக்கேத்தே. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். ஏற்காட்டைவிடச் சற்றுத் தாழ்வு. ஊருக்கு நடுவே கால்தெரா ஆறு ஓடுகிறது. மேற்கே 3,474 மீட்டர் உயர பாரு எரிமலை. மேகமில்லாத விடியலில் அதன் உச்சியில் நின்றால் ஒருபக்கம் பசிபிக், மறுபக்கம் கரீபியன் என இரண்டு கடலும் தெரியும். வெயில் அடிக்கும்போதே மலையிலிருந்து மெல்லிய தூறல் காற்றோடு இறங்கும். அதற்கு ‘பஹரேக்கே’ என்று பெயர். மலைச்சரிவு முழுக்கக் காப்பித் தோட்டங்கள்.

இந்தச் சின்ன ஊரை உலகம் திரும்பிப் பார்த்தது 2001இல். அமெரிக்காவில் ஓய்வு பெற்றோருக்கான பெரிய சங்கம் நடத்திய பத்திரிகை, ஓய்வுக்காலத்தைக் கழிக்க உலகில் சிறந்த இடங்களில் ஒன்றாகப் பொக்கேத்தேவைக் குறிப்பிட்டது. அதற்கு முன்பே, 1987இல், பனாமா அரசு 6ஆம் எண் சட்டத்தைப் போட்டிருந்தது. பெண்களுக்கு 55, ஆண்களுக்கு 60 வயது ஆகிவிட்டால் விமானக் கட்டணத்தில் 25 விழுக்காடு, பேருந்தில் 30, உணவகத்தில் 25, சினிமாவில் 50 விழுக்காடு தள்ளுபடி. மருத்துவமனைச் செலவிலும் மருந்திலும் சலுகை உண்டு. மாதம் 1,000 டாலர் வாழ்நாள் ஓய்வூதியம் உள்ள வெளிநாட்டுக்காரருக்கு நிரந்தரமாகத் தங்கும் அனுமதியும் கிடைக்கும். அப்படி வந்தவர்களில் நானும் ஒருவன்.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது, அது உள்ளூர்க் கிழவிக்கும் எனக்கும் ஒரே தள்ளுபடியைத் தருகிறது என்பது. மருந்துக்கடை வரிசையில் என் முன்னே நிற்கும் கூலிக்காரப் பெரியவரும் அதே சலுகை அட்டையைத்தான் நீட்டுகிறார். வயதானவரைக் கைவிடக்கூடாது என்ற எண்ணம் இந்த நாட்டில் கடைக்காரரின் கல்லாப்பெட்டி வரை வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் சலுகையை நம்பி வந்தவர்கள் ஊருக்குச் சுமையாகவும் ஆனார்கள். 2000களின் தொடக்கத்திலிருந்து மதில் சூழ்ந்த குடியிருப்புகள் எழுந்தன. நிலத்தின் விலை ஏறியது. இங்கேயே பிறந்த இளைஞன் கல்யாணம் பண்ணிக்கொண்டு வீடு கட்ட இடம் தேடி மலையடிவாரத்துக்குப் போக வேண்டிய நிலை வந்தது. திண்டிவனத்தைச் சுற்றி மல்லாட்டை போட்ட நிலமெல்லாம் வீட்டுமனைக் கற்களாக மாறியதைக் கண்ணால் பார்த்தவன் நீ. அந்த வலி உனக்குப் புரியும். காசு கொண்டுவந்து ஒரு ஊரில் குடியேறுகிறவன் அந்த ஊருக்குக் கடன்பட்டிருக்கிறான். அந்தக் கடனைத் தன் உழைப்பால் தீர்க்க முயல்கிறவர்களோடு சேர்ந்த பிறகுதான் எனக்குக் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்தது.

என் வாரம் எப்படி நடக்கிறது என்று கேள். செவ்வாய்க்கிழமை காலை ஊர் நாடகக் கொட்டகையில் சந்தை கூடும். கொட்டகையை நடத்துவது தொண்டர்களால் ஆன நாடகக் குழு. ரொட்டி, தேன், பாலாடைக்கட்டி, கீரை, கைவேலைப் பொருள்கள் என்று கடை விரித்திருப்பார்கள். வந்தவர்கள் வாங்குவதைவிடப் பேசுவது அதிகம். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டுக்காரர் தவறிவிட்டார், யாருக்கு மருத்துவமனைக்குப் போக வண்டி வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். உன் அண்ணி மாங்காய்த் தொக்கு கொண்டுபோவாள். அதற்கென்று காத்திருக்கிற பனாமாக்காரர்கள் இருக்கிறார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாய், பூனைகளுக்குக் கருத்தடை முகாம். ‘அமிகோஸ் தெ அனிமாலெஸ்’ என்ற தொண்டர் குழு நடத்துகிறது. கால்நடை மருத்துவர்கள் அறுவை செய்வார்கள். மற்ற வேலையெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு. மயக்கம் தெளியாத நாயைத் துண்டில் போர்த்தி, உடம்புச் சூடு குறையாமல் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். தெருநாய்ப் பிரச்சினையை ஓர் ஊரே கூடி, அடிக்காமல் கொல்லாமல் குறைக்க முடியும் என்பதை இங்கேதான் கண்டேன்.

என் முக்கியமான வேலை வேறு. இங்கே ‘பொக்கேத்தே ஹாஸ்பைஸ்’ என்று மக்கள் சொல்கிற தொண்டு அமைப்பு ஒன்று இருக்கிறது. தீராத நோயில் படுத்தவர்களைக் கடைசி நாள்களில் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளக் குடும்பத்துக்குத் துணை நிற்பது அதன் பணி. தலைப்பக்கத்தை உயர்த்தக்கூடிய கட்டில், வீல்சேர், வாக்கர், கழிப்பறை நாற்காலி, படுக்கைப் புண் வராமல் காக்கும் ஏர்பெட், ஆக்சிஜன் கருவி எல்லாம் இரவலாகத் தருவார்கள். வேலை முடிந்ததும் திரும்ப வாங்கி, கழுவி, பழுது பார்த்து, அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள். நான் பொறியாளனாக இருந்தவன். கட்டிலின் திருகைச் சரிசெய்வதும் வீல்சேர்ச் சக்கரத்துக்கு எண்ணெய் போடுவதும் என் பொறுப்பு.

ஒரு நாள் மேட்டுத்தெருவில் ஒரு வீட்டுக்கு இரும்புக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனோம். வாதத்தில் விழுந்த மூதாட்டி மரப்பலகையில் படுத்திருந்தார். நான்கு பேர் சேர்ந்து அவரைக் கட்டிலுக்கு மாற்றி, தலைமாட்டை உயர்த்தினோம். சன்னல் வழியே தன் காப்பிச்செடிகள் தெரிந்ததும் அவர் ஒவ்வொரு செடியையும் காட்டி, எப்போது நட்டது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். என் ஸ்பானிய மொழி அரைகுறை. ஆனாலும் அவர் சொன்னது முழுக்க விளங்கியது. பள்ளியும் பட்டமும் வேலையும் எனக்குத் தராத ஒரு நிறைவை அன்று உணர்ந்தேன்.

அந்த அமைப்பே இரத்ததானப் பட்டியல் ஒன்றையும் வைத்திருக்கிறது. இங்கே அறுவைச் சிகிச்சைக்கு இரத்தம் வேண்டுமென்றால் உறவினர்கள்தான் கொடையாளிகளை அழைத்துவர வேண்டும். உள்ளூர் மக்களில் நெகட்டிவ் வகை இரத்தம் அரிது. அமெரிக்க, ஐரோப்பியக் குடியேறிகளிடம் அது கூடுதலாக இருக்கிறது. அதனால் ஒரு பிரசவத்தில் சிக்கல் என்றால் நடுஇரவில் எங்கள் தொலைபேசிகள் ஒலிக்கும். இரத்தம் கொடுக்கும் வயதை நான் தாண்டிவிட்டேன். பட்டியலைப் பார்த்து ஆள் எழுப்புவதும் தாவீத் நகர மருத்துவமனைக்கு வண்டி ஓட்டுவதும் என்னால் முடிந்தவை.

இவ்வளவு நல்லதைச் சொன்ன பிறகு, மனம் ஆறாத ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஊரின் காப்பி உலகப் புகழ் பெற்றது. எத்தியோப்பியாவிலிருந்து புறப்பட்டு, கோஸ்டாரிகாவின் ஆராய்ச்சி நிலையம் வழியாக இங்கே வந்த ‘கெய்ஷா’ என்ற வகையை ஹசியெந்தா லா எஸ்மெரால்தா தோட்டம் 2004இல் ஏலத்தில் வைத்தது. பவுண்டுக்கு 21 டாலர் போனதையே அன்று அதிசயமாகப் பேசினார்கள். 2025 ஏலத்தில் அதே தோட்டத்தின் காப்பி ஒன்று கிலோ 30,000 டாலரைத் தாண்டியது. அந்தப் பழங்களைப் பறிக்கிறவர்கள் ஙோபே பழங்குடி மக்கள். 1997இல் அரசு அவர்களுக்கென வரையறுத்த தன்னாட்சிப் பகுதியிலிருந்து அறுவடைக் காலத்தில் குடும்பம் குடும்பமாக மலையேறி வருகிறார்கள். பெண்கள் கணுக்கால் வரை தொங்கும் பளிச்சென்ற ‘நாகுவா’ உடையில், இடுப்பில் கூடை கட்டிச் சரிவில் நிற்பார்கள். கூலி, பறித்த தகர அளவுக்குத்தான். பெரும்பாலான தோட்டங்களில் விளைவது சாதாரணக் காப்பி என்பதால் ஏலத்தின் பெருமை அவர்கள் தட்டு வரை வருவதில்லை. கங்காணிக்குக் கீழே இலங்கை மலையகத்திலும் மலேயாவிலும் உழைத்த நம் சனங்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சரிவைப் பார்க்கும்போது எனக்குக் காப்பி கசக்கிறது. தொண்டு செய்கிறோம் என்ற நிம்மதியில் நியாயமான கூலியை மறந்துவிடக்கூடாது என்று எங்கள் கூட்டங்களில் நான் சொல்லாமல் இருப்பதில்லை.

ஆசிரியனான உனக்கு நவம்பர் மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1821இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்ற நாள் நவம்பர் 28. அன்று பொக்கேத்தேயில் நடக்கும் ஊர்வலத்துக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பள்ளி வாத்தியக் குழுக்கள் வரும். மாதக்கணக்கில் மாலை நேரங்களில் முரசுப் பயிற்சி கேட்டுக்கொண்டே இருக்கும். பனாமாவுக்கு இராணுவம் கிடையாது. 1994இல் அரசியல் சட்டத்திலேயே அதை நீக்கிவிட்டார்கள். விடுதலை நாளில் இங்கே அணிவகுப்பவர்கள் பெரும்பாலும் மாணவர்கள்தான். காலையில் தொடங்கினால் பொழுது சாயும் வரை போகும். வழியெங்கும் நிற்கும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுப்பது எங்கள் வேலை.

ஊருக்குக் கீழே, கால்தெரா கிராமத்தில் பெரிய பாறை ஒன்று இருக்கிறது. அதில் பழங்குடி முன்னோர் செதுக்கிய சுழிகளும் உருவங்களும் உண்டு. முதல் தடவை பார்த்தபோது நம் பெருமுக்கல் மலைமேல் சீதை குகையின் பாறைக்கீறல்கள்தான் நினைவுக்கு வந்தன. சிறுவயதில் முக்தியாசலேஸ்வரர் கோயிலுக்கு ஏறும்போதெல்லாம் அந்தக் கோடுகளின்மேல் விரல் வைத்திருக்கிறோம். சீதை லவகுசரைப் பெற்ற இடம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வரலாற்றுக்கு முந்தைய மனிதர் கீறியவை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதே மலைக் கோட்டையை 1760இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்ததும், பிறகு ஹைதர் அலியின் படை முற்றுகையிட்டதும் நாம் பள்ளியில் படிக்காத பாடங்கள். கால்தெரா பாறையைப் பார்க்க வருகிற பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள். பெருமுக்கல் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? ஓய்வு பெற்ற ஆசிரியரைத் தவிர வேறு யாரால் முடியும்?

தம்பி, நான் கண்டுகொண்டது இதுதான். ஓய்வு பெற்றவனுக்குப் பணத்துக்கு அடுத்தபடி வேண்டியது, அவன் வருவான் என்று எங்காவது ஒருவர் எதிர்பார்த்திருப்பது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கலாம். பென்ஷன் மாதம் தவறாமல் வரலாம். எதிர்பார்ப்பவர் இல்லாவிட்டால் நாள் நீண்டுகொண்டே போகும். அந்த எதிர்பார்ப்பை ஊர்ப்பொறுப்புதான் உண்டாக்கித் தரும். அதற்குப் பனாமா வரை வர வேண்டியதில்லை.

நம் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் தொடங்கிய வலிநிவாரணப் பணியை, 2001 முதல் மலப்புறத்தில் ஊர்மக்களே கையில் எடுத்தார்கள். கடைக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் ஓய்வு பெற்றவர்களும் பயிற்சி எடுத்துக்கொண்டு, படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போனார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை தருகிறார்கள். இயன்முறைச் சிகிச்சையும் வலிநிவாரணப் பராமரிப்பும் அதில் உண்டு. வருகிற ஊழியர் ஒருவர், வீடுகளோ பல. அவருக்குத் தோள் கொடுக்க ஊரில் நான்கு பேர் வேண்டும்.

முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியிலிருந்தும் ஜிப்மரிலிருந்தும் ‘இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பப்படும் நோயாளி, வீடு வந்ததும் எதில் படுக்கிறார்? கோரைப்பாயில். அவரைத் திருப்பிப் போட ஆள் இல்லாமல் முதுகில் புண் வருகிறது. நம் அப்பாவின் கடைசி மாதங்களை நீதான் கூட இருந்து பார்த்தாய். நான் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். ஒரு நல்ல கட்டிலும் ஏர்பெட்டும் இருந்திருந்தால் அம்மா அவ்வளவு தவித்திருக்க மாட்டாள்.

ஆகவே ஒரு வேலை சொல்கிறேன். ஊரில் பூட்டிக்கிடக்கும் நம் வீட்டுத் தெருத்திண்ணை அறையைத் திறந்து சுண்ணாம்பு அடி. இரண்டு கட்டில், இரண்டு வீல்சேர், மூன்று வாக்கர், ஓர் ஏர்பெட் வாங்குவதற்கான பணத்தை நான் அனுப்புகிறேன். யார் சாதி என்ன, எந்தத் தெரு என்று பார்க்காமல் கேட்டவர் வீட்டுக்குப் போக வேண்டும். ஊரும் காலனியும் ஒரே பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவேட்டை உன் கையெழுத்தில் நீயே எழுது. ஓய்வு பெற்ற உன் நண்பர்களில் சைக்கிள் பழுது பார்க்கத் தெரிந்தவர் ஒருவரும், வண்டி வைத்திருப்பவர் ஒருவரும் இருந்தால் போதும். வேலை தொடங்கிவிடும். சனிக்கிழமைகளில் பிள்ளைகளை மலையேற்றிக் கூட்டிப்போ. குகையைக் காட்டி, பாறையில் பெயர் கிறுக்கக்கூடாது என்று சொல்லிக்கொடு.

மே வரை காத்திருக்காதே. இந்த வாரமே தெருத்தெருவாகப் போய், படுக்கையில் இருப்பவர் எத்தனை பேர், யாருக்கு என்ன தேவை என்று எழுதி எனக்கு அனுப்பு. அந்தப் பட்டியல் கைக்கு வந்த அன்றே பணம் அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்