கை கற்ற பாடம்

முப்பது ஆண்டுகளாகத் திருவனந்தபுரத்தில் அடுப்படியே உலகமாக வாழ்ந்தவள் நான். சோறு கிளற எனக்கொருவர் கற்றுத்தர நேரும் என்று எண்ணியதில்லை. சென்ற ஆண்டு டோக்கியோவில் வாழும் மகளைக் காணச் சென்றபோது, அவளுடன் சுஷி செய்யக் கற்பிக்கும் தொடக்க வகுப்பொன்றிற்குப் போனேன்.

சூடான சோற்றில் சர்க்கரையும் உப்பும் கரைத்த காடியைத் தெளித்து, பருக்கை நசுங்காமல் மரக்கரண்டியால் கிளறி, விசிறி ஆற்ற வேண்டும். புளியோதரைக்கு என் அம்மா காட்டிய பதமும் அதுவேயன்றோ! அந்தச் செருக்கில், கடற்பாசித் தாளின்மேல் சோற்றை அழுத்திப் பரப்பினேன். மூங்கிற்பாயில் சுருட்டிய வெள்ளரிச் சுருள் பிதுங்கி வெடித்தது. கையை நீரில் நனைத்து மெல்லப் பரப்புமாறு ஆசிரியை செய்து காட்டினார். இரண்டாம் சுருள் உருப்பட்டது.

திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: “பாட்டியின் புளிக்காய்ச்சலை எனக்கு ஏன் அம்மா இப்படிச் சொல்லித்தரவில்லை?”

“அது கைப்பக்குவம்” என்று அதுவரை தட்டிக்கழித்து வந்தவள் நான். நம் திருவனந்தபுரத்துக்காரரான ஏ. எம். நாயர் 1949-இல் அதே நகரின் கின்சாவில் உணவகம் திறந்து, அயலாருக்கு நம் கறிச்சுவையைப் பழக்கினார். நானோ பெற்ற மகளுக்கே பழக்கவில்லை.

அன்றிரவே புளியைக் கரைத்தேன். அவள் கை கிளறியது. என் கை சும்மா இருக்கக் கற்றது.