தலையணை உறையில் ஒரு சுங்குடி

தீபாவளிக்கு முன்பாகத் தலையணை உறைகளைப் புதிதாக வாங்குவது ஜொகூர்வாசிகளாகிய நமக்கு வழக்கமே எனினும், வெளுத்துப்போன பழைய பருத்தி உறைகளை ஸ்கூடாய் வீட்டின் பின்கட்டிலேயே முடிச்சிட்டுச் சாயம் தோய்த்துப் புதுப்பிப்பதில் உள்ள ஆனந்தம் கடைவீதியில் கிட்டுவதன்று.

மதுரையில் குடியேறிய சௌராஷ்டிர சமூகத்தார், துணியை நகநுனியால் கிள்ளியெடுத்து நூல் சுற்றிச் சாயத்தில் தோய்த்து, உலர்ந்தபின் முடிச்சவிழ்த்துப் புள்ளி புள்ளியாய் மலரச் செய்த சுங்குடி, 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. நாம் வாழும் மலாய்த் தீபகற்பத்தின் கிழக்குக் கரையிலும் மலாய்ப் பெண்டிர் இதே உத்தியைப் பட்டில் கையாண்டு ‘காயின் பெலாங்கி’ படைத்தனர். அவர்தம் நுட்பத்துக்கும் என் கைவேலைக்கும் காத தூரம் என்பது வேறு விஷயம்.

ஆயினும் ரசாயனம் யாவர்க்கும் பொதுவன்றோ! 1956-இல் சந்தைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள், சலவைச் சோடாக் கரைசலில் ஊறிய பருத்தி நாரோடு கொதிநீரின் துணையின்றியே பிணைந்துகொள்கின்றன. துணி ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தால்தான் அப்பிணைப்பு செவ்வனே நிகழுமாதலால், குளிர்நாட்டார் மிகுந்த பிரயாசைப்பட்டுச் செய்யும் ஏற்பாட்டை நம் ஊர்ப் புழுக்கம் இலவசமாகவே செய்து தருகிறது. பாலியெஸ்டர் உறைகளை மட்டும் விலக்கிவிடுங்கள். அவற்றில் இச்சாயம் நில்லாது. மறுநாள் தண்ணீர் தெளியும்வரை அலசி, முதற்சில சலவைகளில் தனியே துவைத்தல் உத்தமம். வெள்ளை வேட்டியோடு சேர்த்து மெஷினில் போட்டுவிட்டு என்னை ஏசவேண்டாம்.