மத்தியானம் வீட்டில் யார் இருப்பார்கள்?

நாய் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, மத்தியானம் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதைத்தான். காம்பவுண்டு சுவரின் உயரம், தோட்டத்தின் அளவு, முன்பு வளர்த்த லாப்ரடாரின் போட்டோ எல்லாம் அதற்குப் பிறகு. பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் இரண்டு மணிக்குத் தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடந்தால் பார்த்து நிரப்ப ஓர் ஆள் வேண்டும். நாய்மீது பிரியம் இருக்கிற வீடுகள் நிறைய. பகலில் ஆள் இருக்கிற வீடுகள் குறைவு.

எங்கள் வீட்டுக்குக் குட்டிகள் அதிகம் வருவது கார்த்திகை, மார்கழியில். தெருநாய்கள் பெரும்பாலும் குளிர் மாதங்களில்தான் குட்டி போடுகின்றன. 2023 டிசம்பர் வெள்ளமும் அதே சமயத்தில் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கொக்கிரகுளத்துக்கும் வண்ணார்பேட்டைக்கும் உள்ளே புகுந்தபோது, பாலத்தடியிலும் கடைத் திண்ணைக்கு அடியிலும் கண் திறந்தும் திறக்காமலும் கிடந்த குட்டிகள் எத்தனை போயிற்று என்று யாரும் எண்ணவில்லை. பிழைத்து வந்தவற்றின் காதுக்குள் வண்டல் காய்ந்திருந்தது. ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

வந்த குட்டியை உடனே யாரிடமும் தூக்கிக் கொடுக்க முடியாது. இரண்டு வாரமாவது மற்ற நாய்கள் படாமல் தனியறையில் வைக்க வேண்டும். பார்வோ உள்ளே இருந்தால் அதற்குள் வெளியே வந்துவிடும்: வாந்தி, ரத்தக் கழிச்சல், ஒருமுறை முகர்ந்தால் மறக்காத ஒரு வாடை. அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால் பிளீச்சிங் பவுடர் கரைசலால் தரையைக் கழுவித்தான் அடுத்த குட்டியை உள்ளே விடுவோம். தாயில்லாக் குட்டி என்று பாவப்பட்டு அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் பசும்பாலையும் வாங்குவதில்லை, வயிற்றைக் கலக்கிவிடும். விலைக்கு விற்கிற குட்டிக்கே எட்டு வாரம் நிரம்பியிருக்க வேண்டும் என்கிறது 2017-இல் வந்த மத்திய அரசின் விதி. சும்மா கொடுக்கிற குட்டிக்கு மட்டும் அவசரம் எதற்கு?

இப்படி வைத்து வளர்ப்பதை எல்லோரும் ஃபாஸ்டர் என்கிறார்கள். அந்த நாட்களில் நாய் தேறுவது ஒரு பக்கம். அது எப்படிப்பட்ட நாய் என்று நமக்குத் தெரியவருவது இன்னொரு பக்கம். குக்கர் விசிலுக்குக் கட்டிலடியில் பதுங்குமா, விளக்குமாற்றைக் கண்டால் ஒண்ணுக்குப் போய்விடுமா, சின்னப் பிள்ளைகள் வாலைப் பிடித்தால் பொறுக்குமா? இது தெரியாமல் வீடு தேடுவது, அளவெடுக்காமல் சட்டை தைக்கிற மாதிரி.

வெள்ளை ராஜபாளையம் ஒன்று வந்தது. 'கூப்ட்டா வராது, அடிச்சாலும் புத்தி வராது' என்று சொல்லி வளர்த்தவரே கொண்டுவந்து விட்டார். முதுகில் தழும்புகள். இரண்டு நாள் பார்த்ததில் எனக்குச் சந்தேகம் வந்தது. அது அசந்து தூங்கும்போது, பின்னால் தள்ளி நின்று எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டோம். காதுகூட அசையவில்லை. பக்கத்தில் வந்து போட்டதும் தரை அதிர்ந்து திடுக்கிட்டு எழுந்தது. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். இரண்டு காதும் கேட்காது. ராஜபாளையம் 2005-இல் அஞ்சல்தலையில் ஏறிய இனம். அந்த வெள்ளைக்காகவே தேடி வாங்குகிறார்கள். சில குட்டிகளுக்கு வெள்ளையோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருகிறது என்பதை வாங்குகிறவரிடம் யாரும் சொல்வதில்லை. கேட்காத சொல்லுக்காக அந்த நாய் எத்தனை அடி வாங்கியதோ, நினைத்தால் இப்போதும் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

அந்த நாயைக் கேட்டு ஒரு பெரிய வீட்டுக்காரர் வந்தார். போய்ப் பார்த்தேன். வெயிலில் தகரக் கூண்டு. வாசலில் சங்கிலி ஏற்கெனவே தொங்கியது. கொடுக்கவில்லை. பிறகு ஒரு தையல்காரர் மகளோடு வந்தார். அவரும் மனைவியும் காது கேட்காத, வாய் பேசாதவர்கள். பாளையங்கோட்டையில் நூறு வருஷம் தாண்டிய ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் பள்ளியில் படித்தவர்கள். தையல் மிஷின் வீட்டிலேயே. அவர் கையை வேகமாக அசைத்துக் கேட்டதை மகள் சொன்னாள்: 'அக்கா, ராத்திரி இது எங்க படுக்கும்னு அப்பா கேக்காவ.' என்னிடம் அதை முதல் கேள்வியாகக் கேட்டவர் அவர்தான். அந்த வீட்டில் ஒருவரை ஒருவர் கூப்பிடத் தரையில் காலால் தட்டுவார்கள், லைட்டைப் போட்டு அணைப்பார்கள், எதிரே வந்து கை காட்டுவார்கள். செவிட்டு நாய்க்கு எப்படிச் சொல்லவேண்டும் என்று நான் எழுதி வைத்திருந்ததெல்லாம் அவர்களுக்குப் பழக்கமாகவே இருந்தது. சின்ன வீடு, வாடகை வீடு. வீட்டுக்காரரிடம் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்.

மலையடிவாரத்திலிருந்து கேட்டால் யோசனை வேறு. 2024 மே மாதம் பாபநாசத்தை ஒட்டிய வேம்பையாபுரம், அனவன்குடியிருப்புப் பக்கம் ஆட்டைத் தூக்கிய சிறுத்தைகளை வனத்துறை கூண்டு வைத்துப் பிடித்தது. களக்காடு முண்டந்துறைக் காட்டோரத்தில் ராத்திரி வாசலில் கட்டிப்போட்ட நாய்க்குத் தப்பி ஓட வழி கிடையாது. இருட்டியதும் உள்ளே படுக்க இடம் உண்டு என்றால்தான் அந்தப் பக்கம் கொடுப்பேன்.

பெரிய பாடு பொட்டைக் குட்டிகளுக்கு வீடு பார்ப்பதுதான். கடுவன் குட்டி வந்தவுடன் போய்விடும். 'பொட்டையா? வேண்டாம்மா, வருஷத்துக்கு ரெண்டு தடவை குட்டி போடும், அதுகள யாரு சுமக்கது?' என்பார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதிலும் இருக்கிறது. சென்னையில் புளூ கிராஸ் 1964-லேயே கருத்தடையைக் கையிலெடுத்தது. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்று 2001-இலும் 2023-இலும் மத்திய அரசு விதிகள் போட்டது. அறுவைக்குப் பிறகு பத்து நாள் புண்ணை நக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொன்னால் பாதிப்பேர் மனசு மாறிவிடுகிறார்கள்.

உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில், விருப்பமுள்ளவர்கள் தெருநாயைத் தத்தெடுக்கலாம், அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றது. நாங்கள் கேட்டு வாங்கும் வாக்குறுதியும் அதேதான். வேலை மாறினாலும், வீடு மாறினாலும், பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் நாய் எங்களிடமே திரும்ப வரவேண்டும். திருப்பிக் கொடுத்தால் ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டோம் என்று நானும் வாக்குக் கொடுக்கிறேன்.

இப்போது வீட்டில் இருக்கிற மூன்றும் பொட்டை. இரண்டு செவலை, ஒன்று கறுப்பு. பார்வோ தடுப்பூசி போட்டாயிற்று. மூன்று மாசம் ஆனதும் வெறிநாய்க்கடி ஊசி. கறுப்பிக்குச் சின்னப் பிள்ளைகள் என்றால் பயம், அதனால் அதற்குப் பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீடு வேண்டும். செவலைகள் இரண்டையும் பிரிக்காமல் வாங்கிக்கொள்வதாக ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு வாழைத்தோட்டக்காரர் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும். மத்தியானமாகத்தான் போகிறேன்.