மக்காச்சோளம் அரைத்த தாய்மாருக்கு

மெக்சிகோவின் அடுப்பங்கரைகளில் தலைமுறை தலைமுறையாக மக்காச்சோளம் அரைத்த தாய்மாருக்கு,

ஹூஸ்டன் நகரில் வேலைக்குப் போகும் தமிழ்ப் பெண் நான். வார நாள்களில் நான் வீடு சேரும்போதே பிள்ளைகளுக்குப் பசி வந்திருக்கும். ஃபிரிட்ஜில் ஞாயிற்றுக்கிழமை சுட்ட கோழியில் பாதி மிச்சமிருக்கும். அதை வைத்து இருபது நிமிடத்தில் டாக்கோ பரிமாறிவிடுகிறேன். அதற்குத்தான் உங்களுக்கு நன்றி சொல்ல வந்தேன்.

உங்கள் புவெப்லா ஊரின் டிங்கா என்னும் கறிதான் என் கைவசமுள்ள வழி. நீளமாக அரிந்த வெங்காயத்தை வதக்கி, பூண்டு தட்டிப் போடுவேன். தக்காளியோடு, புகையில் உலர்த்திய சிப்போட்லே மிளகாயை அரைத்து ஊற்றிப் பச்சை வாடை போகக் கொதிக்கவிடுவேன். நார் நாராகப் பிய்த்த கோழியைக் கடைசியில்தான் சேர்ப்பேன். வெந்த கறி மறுபடி நெடுநேரம் கொதித்தால் சக்கையாகிவிடும். 74 டிகிரி செல்சியஸ் சூடேறியதும் இறக்கிவிடலாம். டோர்ட்டியா என்னும் மக்காச்சோள ரொட்டியைத் தோசைக்கல்லில் இருபுறமும் வாட்டி, கறியை வைத்து, மேலே பச்சை வெங்காயமும் கொத்தமல்லித் தழையும் தூவி, எலுமிச்சை பிழிந்தால் தட்டு காலியாகிவிடும்.

இருபது நிமிடம் என் பங்கு மட்டுமே. உங்கள் பங்குக்கு வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகள். பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன், தியோசின்டே என்ற காட்டுப்புல்லை மக்காச்சோளமாக வளர்த்தெடுத்தவர்கள் உங்கள் முன்னோர். பிறகு அந்தச் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோல் கழுவி அரைக்கும் முறையையும் கண்டீர்கள். நாங்கள் வெற்றிலையில் தடவும் அதே சுண்ணாம்புதான். அது சேர்ந்தால்தான் மாவு விரிசல் விடாமல் தட்ட வரும். சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தும் உடலில் சேரும்.

ஐரோப்பியர் உங்கள் தானியத்தை எடுத்துப் போனார்கள். உங்கள் பக்குவத்தைக் கேட்டு வாங்கவில்லை. சோளமே சாப்பாடாகிப்போன வட இத்தாலியின் ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் வாட்டியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென் மாநிலங்களிலும் ஆயிரக்கணக்கானோர் அதனால் மாண்டார்கள். நியாசினே அதற்கு மருந்து என்பது 1937-இல்தான் தெரியவந்தது. அந்த மருந்து எத்தனையோ நூற்றாண்டுகளாக உங்கள் பானையில் ஊறிக்கொண்டிருந்தது.

மெட்டாட்டே என்னும் அரைகல் முன் மண்டியிட்டு, விடியும் முன்பே தொடங்கி அன்றாடம் பல மணி நேரம் அரைத்தவர்கள் நீங்கள். இன்று கடையில் ஒரு கட்டு டோர்ட்டியாவை நான் எடுத்து வரும்போது அந்த உழைப்பின் பலனையும் சேர்த்தே எடுத்து வருகிறேன். நவம்பர் விருந்தில் அமெரிக்க வீடுகளில் மிஞ்சும் வான்கோழியும் உங்கள் மண்ணில் வீட்டுப் பறவையானதுதான். மறுநாள் அது டோர்ட்டியாவுக்குள் போவது, பிறந்த வீட்டுக்குத் திரும்புவது போல.

இப்போதெல்லாம் உறையைப் படித்துப் பார்த்தே வாங்குகிறேன். மக்காச்சோளம், தண்ணீர், சுண்ணாம்பு என மூன்று பொருள் மட்டும் இருந்தால் கூடையில் போடுவேன். சுண்ணாம்பு எதற்கென்று என் பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். அதைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்பதையும்.


ஹூஸ்டனிலிருந்து ஒரு தமிழ்த் தாய்