ஐந்து மணி ஓட்டு



"அங்கேயும் சட்டசபை உண்டாமே, மைக்கைப் பிடுங்கிக்கொள்வார்களா?" என்று போனில் கேட்டீர்கள், மாமா. எடின்பரோவில் ஹோலிரூட் என்ற இடத்தில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இருக்கிறது. ஒரு புதன்கிழமை மதியம் பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்தேன். காரசாரம் உண்டு, மைக்குக்கு ஆபத்தில்லை.

1997-ல் மக்களிடம் வாக்கெடுத்து, 1998-ல் லண்டன் சட்டம் போட்டு, 1999-ல் கூடிய அவை. உறுப்பினர்கள் 129 பேர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போலீஸ், விவசாயம் இவர்கள் கையில். ராணுவம், வெளியுறவு, குடியேற்றம் லண்டன் கையில். என் விசாவுக்காக இவர்களில் யாரைப் பிடித்தும் பயனில்லை.

இரண்டு மணிக்குத் துறைவாரியாகக் கேள்விகள். பிறகு அரசு கொண்டுவந்த விவாதம். ஆளுக்குச் சில நிமிடம்தான். நீட்டினால் அவைத்தலைவர் முடிக்கச் சொல்லிவிடுகிறார். தலைவரைப் புகழ்ந்துவிட்டுத் தொடங்கும் வழக்கம் இல்லாததால் அந்தச் சில நிமிடமே தாராளம்.

ஐந்து மணிக்குத்தான் களை கட்டுகிறது. அன்றைய ஓட்டெடுப்புகளில் பெரும்பாலானவற்றை அதுவரை தள்ளி வைத்திருப்பார்கள். பாதி காலியாகக் கிடந்த இருக்கைகளுக்கு ஆட்கள் வேகவேகமாக வந்து சேர்கிறார்கள். கொரோனா காலத்திலிருந்து செல்போன் செயலியிலும் ஓட்டுப் போடலாம். அந்தச் செயலி படுத்துகிற பாடு! "எனக்கு இணைப்புக் கிடைக்கவில்லை, ஆம் என்று போட்டிருப்பேன்" என்று எழுந்து முறையிடுகிறார்கள். "பதிவு செய்துகொள்கிறோம்" என்று அவைத்தலைவர் முகம் மாறாமல் சொல்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யார் எந்தப் பக்கம் போட்டார் என்பது பெயரோடு அன்று மாலையே இணையத்தில் வந்துவிடுகிறது. சென்னைக் கோட்டையில், நம் சட்டசபையில், பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பு, நம் எம்.எல்.ஏ. வாயைத் திறந்தாரா என்று யாருக்குத் தெரியும்?

ஓட்டு முடிந்ததும் கூட்டம் கலைகிறது. மிஞ்சிய சிலர் முன்னால், அமைச்சர் அல்லாத ஓர் உறுப்பினர் தன் விஷயத்தை எடுக்கிறார். தீவுக்குப் போகும் படகு, கிராமத்தில் மூடப்போகும் வங்கிக் கிளை, இப்படி எதுவும் வரலாம். ஓட்டு கிடையாது, ஆனால் கடைசியில் அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். நம் சட்டசபையில் ஒன்றைக் கடன் வாங்கலாம் என்றால் இதைத்தான் கேட்பேன்.

அதிகாரம் எவ்வளவு என்பதுதான் இடறுகிறது. 2022 டிசம்பரில் பாலின அங்கீகாரச் சட்டத் திருத்தத்தை 86-க்கு 39 என்று நிறைவேற்றினார்கள். அடுத்த மாதமே லண்டன் அரசு அதைத் தடுத்தது. அப்படித் தடுத்தது அதுவே முதல் முறை. ஸ்காட்லாந்து அரசு வழக்குப் போட்டது, தோற்றது. ஆளுநரிடம் மசோதா கிடந்த கதையைப் பார்த்த நமக்கு இது புதிதா? மாநிலங்களுக்கு அதிகாரம் கேட்டு வந்த ராஜமன்னார் குழு அறிக்கை 1971, மாநில சுயாட்சித் தீர்மானம் 1974, குரியன் ஜோசப் தலைமையில் இன்னொரு குழு 2025. அரை நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

பழைய சபைக்கு நம்மிடமும் சான்று உண்டு: நம் ஊர் திருப்புலிவனத்திலிருந்து எட்டிப் பார்த்தால் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919, 921 ஆண்டுகளின் குடவோலை விதிகள், அதாவது குடத்தில் ஓலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் விதிகள். ஏரி வாரியம், தோட்ட வாரியத்துக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று விலாவாரியாக வெட்டியிருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் வரமுடியாது. அந்த விதி செய்தபோது பராந்தகச் சோழனின் அதிகாரி உடன் இருந்தார் என்பதும் அதே சுவரில்தான் இருக்கிறது. மேடையில் பெருமை பேசுகிறவர்கள் அதைச் சொல்வதில்லை. நிலமும் வேதப் படிப்பும் கேட்ட சபை அது. நீங்களும் நானும் வாசலோடு சரி.

இப்போது அப்படியில்லை. நவம்பர் 1 கிராம சபைக்கு நீங்கள் போவீர்கள். பல ஊர்களில் முதலில் நோட்டில் கையெழுத்து, தீர்மானம் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்கிறார்களாம். நம் ஊர் ஏரி மதகு விஷயத்தை எழுதி, உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை பேனாவைத் தொடாதீர்கள்.