சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு நாற்காலி

மதுரைக்கு மேற்கே, நாகமலை தெரியும் ஒரு புது மனைப்பிரிவு. ஐந்து சென்ட் மனை. கணக்குக்கு 2,178 சதுர அடி. வடக்கே தெரு. கருவேலத்தை வேரோடு பிடுங்கி மண்ணைச் சமப்படுத்தியாயிற்று. இன்று மார்க்கிங்.

மேஸ்திரி முளைக்குச்சி அடித்து நூல் கட்டுகிறார். ஒரு மூலையிலிருந்து இந்தப் பக்கம் மூன்றடி, அந்தப் பக்கம் நான்கடி அளந்து நூலில் அடையாளம் வைக்கிறார். இரண்டுக்கும் நடுவே டேப்பைக் குறுக்காகப் பிடிக்கிறார். ஐந்தடி வந்தால் மூலை சரி. வராத இடத்தில் குச்சியைப் பிடுங்கி அரை விரல் தள்ளி மறுபடி அடிக்கிறார். நூலை ஒட்டிக் குனிந்தபடியே ஒரு பையன் சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டு போகிறான். ஆர்க்கிடெக்ட், நாற்பதை நெருங்கும் பெண், வரைபடச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்கிறார்.

காரிலிருந்து குடும்பம் இறங்குகிறது. கணவர், மனைவி, ஏழாவது படிக்கும் மகள், கணவரின் தாயார். கணவர் நேரே போய் ஹாலின் நடுவில் நின்று சுற்றிலும் பார்க்கிறார். முகம் வாடுகிறது.

"இம்புட்டுத்தானா மேடம்?"

மேஸ்திரிதான் பதில் சொல்கிறார். "கோடாப் பாத்தா அப்படித்தான் சார் தெரியும். செவரு ஏறி, மேல தளம் விழுந்து, உள்ள ஒரு கட்டிலப் போட்டப்புறம் பாருங்க."

வானத்தைக் கூரையாக வைத்துப் பார்த்தால் எந்த அறையும் சிறிதுதான். ஆர்க்கிடெக்ட் அதை விளக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு, "பாப்பா, உன் ரூம்ல கட்டில் எங்க வரும்? படுத்துக் காட்டு" என்கிறார். பெண் சிரித்துக்கொண்டே மண்ணில் நீட்டிப் படுக்கிறாள். அப்பாவை அவளைச் சுற்றி ஒரு தடவை நடக்கச் சொல்கிறார். அவர் எங்கும் இடிக்காமல் சுற்றி வந்து, மகளைக் கைகொடுத்துத் தூக்குகிறார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.

அடுத்து, தென்கிழக்கில் அடுக்களை. அக்னி மூலை என்று வீட்டார் கேட்டதும் அதுவே, ஆர்க்கிடெக்ட் ஒத்துக்கொண்டதும் அதுவே. இந்தப் பக்கம் ஆடிக்காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும். தாளிப்பு வாசனை வீட்டுக்குள் சுற்றாமல் கிழக்கு ஜன்னல் வழியே போய்விடும். மனைவியைக் கோட்டுக்குள் நிற்க வைத்துக் கேட்கிறார்.

"காலையில உள்ள வந்ததும் மொதல்ல எதத் தொடுவீங்க?"

"பால் பாக்கெட்டு."

"அப்ப ஃபிரிட்ஜ். அங்கேருந்து?"

அவர் நடந்து காட்டுகிறார். ஃபிரிட்ஜ், தொட்டி, அடுப்பு. பிறகு தயங்கி, "கிரைண்டர் எங்க மேடம்? மாவ வழிக்கிறப்ப எனக்கு வலதுகைப் பக்கம் எடம் வேணும்" என்கிறார். வரைபடத்தில் கிரைண்டர் இடது மூலையில் இருக்கிறது. பென்சில் அதை அடித்து வலதுபக்கம் எழுதுகிறது. பின்பு அவரை முழங்கையை மடக்கச் சொல்லித் தரையிலிருந்து முழங்கை வரை அளக்கிறார். அதில் ஐந்து அங்குலம் கழித்து, மேடை 33 அங்குலம் என்று குறிக்கிறார். பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்குள் கை இன்னும் கீழே இறங்க வேண்டியிருப்பதால் அதன் விளிம்பு மட்டும் இரண்டு அங்குலம் கூடுதல். நம் வீடுகளில் மேடையின் உயரத்தைப் பெரும்பாலும் கொத்தனாரின் பழக்கம்தான் முடிவு செய்கிறது. இடுப்புவலிக்குத் தைலம் வாங்கும் வீட்டில் ஒரு தடவையாவது அந்த மேடையை அளந்து பார்க்க வேண்டும்.

இதற்குள் கணவர் தாயாரைக் கைப்பிடித்துத் தெற்கே, மனையின் பின்பக்கம் அழைத்துப் போய்விட்டார். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார வைக்கிறார்.

"ஆத்தா, இதான் ஒன் ரூமு. தெருச் சத்தமே கேக்காது. பாத்ரூமு ரெண்டு எட்டு."

கிழவி தலையாட்டுகிறார். மகன் ஆசையாகச் செய்கிறான் என்று அவருக்குத் தெரியும். சற்று நேரம் மதில்சுவர் வரப்போகும் திசையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு எழுந்து நாற்காலியைத் தானே இழுக்கிறார். அது அறையின் கோட்டைக் கடக்கிறது, ஹாலைக் கடக்கிறது, தெருவை ஒட்டி வடமேற்கில் உள்ள அறைக்குள் போய் நிற்கிறது. அங்கே தெருவைப் பார்த்து உட்கார்கிறார். மொபெட்டில் கீரைக்காரர் போகிறார். "சிறுகீரை என்ன வெல?" என்று குரல் கொடுக்கிறார்.

அவர் உட்கார்ந்திருப்பது மகனின் ஆபீஸ் ரூமில்.

நாற்காலிக் கால் இழுபட்டதில் சுண்ணாம்புக் கோடு இரண்டு இடங்களில் கலைந்திருக்கிறது. பையன் சரிசெய்யக் குனிகிறான். ஆர்க்கிடெக்ட் கையமர்த்துகிறார். போய்க் கிழவியின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்கிறார்.

"பழைய வீட்டுல பகல்ல எங்கம்மா இருப்பீங்க?"

"செல்லூர்ல, திண்ணையில தாயி. பூக்கட்டிக்கிட்டு இருப்பேன். போறவ வாரவ நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போவா. தறிச் சத்தத்துலயே கெடந்த ஒடம்பு. சத்தமில்லாட்டி எனக்குத் தூக்கம் வராது."

வரைபடம் ஐந்தாறு தடவை மாறி வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்த வீட்டு மேசையில் விரித்துப் பேசியிருக்கிறார்கள். கிழவிக்கு அமைதியான அறை வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரைக் கேட்டிருந்தாலும் தாளில் உள்ள கோட்டைப் பார்த்து அவரால் என்ன சொல்லியிருக்க முடியும்? மண்ணில் கோடு போட்டு, உள்ளே விட்டதும், உடம்பே சொல்லிவிட்டது. அதைப் பார்க்க ஒரு ஆள் அங்கே நின்றது பெரிய காரியம். வரையத் தெரிந்தவர் ஊருக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். நாற்காலி இழுபட்ட தடத்தை வாசிக்கிறவருக்குத்தான் ஃபீஸ் கொடுக்க வேண்டும்.

கார் பானெட்டில் பட்டர் பேப்பர் விரிகிறது. ஆபீஸ் ரூம் கிழவிக்கு, பின்னறை மகனுக்கு. மகன் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கிறார்.

"இப்பப் போய் மாத்தணுமா மேடம்?"

"இன்னிக்கு மாத்துனா ரப்பர்தான் தேயும். அஸ்திவாரம் எறங்குன பெறகு இடிக்கணும்."

அவர் தாயாரைப் பார்க்கிறார். கீரைக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்று பேசிக்கொண்டிருக்கிறார். "சரி, போடுங்க."

அறைக்கு முன்னால் ஒரு திண்ணையும் வருகிறது. வடக்கு பார்த்த திண்ணைக்கு வெயிலே வராது என்கிறார் கணவர். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மதுரை வடக்கு அட்சம் பத்துப் பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. சித்திரை பிறந்ததும் உச்சிவெயில் தலைக்கு நேரே வந்து, அப்புறம் வடக்கே சாய்ந்து, ஆவணி பிறந்தும் சில நாள் வரை அந்தப் பக்கமே நிற்கும். கத்திரி வெயிலும் அதற்குள்தான். ஆகவே திண்ணைக்கு மேல் நான்கடி தாழ்வாரம், மேற்குப் பக்கம் துளைவிட்ட செங்கல் தடுப்பு. அறையின் மேற்குச் சுவரை ஒட்டி பாத்ரூம். மாலை வெயிலை அது வாங்கிக்கொள்ளும், கிழவியின் கட்டிலுக்கு வராது.

சுவர் எழும்பும் மாதங்களில் மேஸ்திரியின் முகம்தான் பார்க்க வேண்டியது. எலிப்பொறிக் கட்டு அவருக்குப் புதிது. செங்கலைப் படுக்கப் போடாமல் குத்துவாட்டில் நிறுத்தி, இரு வரிசைக்கும் நடுவே பொள்ளல் விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவர்தான், ஆனால் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு கல் மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெளிச் சூட்டைச் சீக்கிரம் கடத்தாது. 1945-இல் இந்தியாவுக்கு வந்து, 2007-இல் திருவனந்தபுரத்தில் காலமான லாரி பேக்கர், கேரளத்தில் எத்தனையோ எளிய வீடுகளை இப்படிக் கட்டிக் காட்டினார். மேஸ்திரி முதல் நாள் தட்டிப் பார்த்து, "உள்ள பொள்ளலா இருக்கே மேடம், தாங்குமா?" என்கிறார். மூலையிலும், ஜன்னல் அடிமட்டத்திலும், லிண்டல் மட்டத்திலும் முழுக் கட்டாக வருவதை ஆர்க்கிடெக்ட் காட்டுகிறார். மேஸ்திரி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். சில வாரம் கழித்து, வேறொரு மனைக்காரர் அதே கேள்வியோடு வந்தபோது, பதில் சொன்னது மேஸ்திரி. அதில் பெருமை இருந்தது.

தளம் போடும் நாளுக்கு முன்பு செல்லூர் வீட்டில் இறக்கிய மங்களூர் ஓடுகள் வேனில் வருகின்றன. பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல். நம் தெருக்களில் வெயிலும் மழையும் தாங்கிய ஓடுகள் அந்த மரபில் வந்தவை. தளத்தின் அடிப்பாதி கான்கிரீட் பெரிய வேலை எதுவும் செய்வதில்லை. அங்கே இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அதனால் கம்பிக்கட்டங்களுக்கு நடுவே ஓட்டை வைத்து நிரப்பினால் கான்கிரீட் குறையும், எடை குறையும், சூடும் குறையும். சித்தாள் பெண்கள் ஓட்டை அண்டாத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்துச் சாரத்தில் கைமாற்றுகிறார்கள். உலர்ந்த ஓடு கான்கிரீட்டின் ஈரத்தைக் குடித்துவிடும். கிழவி ஒரு ஓட்டைக் கையில் வாங்கிப் புகைக்கரியைத் தேய்த்துப் பார்க்கிறார். "இது அடுப்படிக்கு மேல கெடந்தது." அந்த ஓடு அவர் அறைக்கு மேலேயே போகட்டும் என்று மேலே இருக்கும் கம்பி கட்டுகிறவருக்குச் சொல்லி அனுப்புகிறார் ஆர்க்கிடெக்ட்.

திண்ணைக்கு ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகைமேல் சாயச்சாந்தை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, கையாலேயே செய்து, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல். மகள் பச்சையும் சிவப்பும் தேர்ந்தெடுத்திருக்கிறாள். ஒட்டுவதற்கு முன் உயரம் பார்க்கவேண்டும் என்கிறார் ஆர்க்கிடெக்ட். கிழவி வெறும் செங்கல்மேல் உட்கார்கிறார். கால் தரையில் படவில்லை.

"ஒரு வரி எடுத்துரலாம்" என்று மேஸ்திரியே சொல்லிக் கல்லைப் பெயர்க்கிறார். மறுபடி உட்கார்கிறார். இரண்டு பாதமும் தரையில் பதிகின்றன. முதுகை மட்டும் இங்கும் அங்கும் அசைத்துப் பார்க்கிறார்.

"சாஞ்சுக்க ஒரு தூணு வேணுமே தாயி."

ஆர்க்கிடெக்ட் தாழ்வாரத்தை அண்ணாந்து பார்க்கிறார். வரைபடத்தில் அங்கே தூண் கிடையாது. மேஸ்திரி டேப்பை உருவி அவர் கையில் கொடுக்கிறார்.