29 வருஷம் கழிச்சு ஒரு மிக்ஸிங்

கிம் தய்யில்னு பேரைக் கேட்டாலே நம்ம பக்கத்து ஆளு மாதிரி தோணும். ஆமா, அப்பா அம்மா கேரளத்துல இருந்து அமெரிக்கா போனவங்க. மண்டைக்காட்டுல பஸ் ஏறி களியக்காவிளை தாண்டினா கேரளா. அதனால அவரை முக்கால்வாசி ஊர்க்காரராவே கணக்குல வச்சிருக்கேன் :-) சியாட்டில்ல 1984ல ஆரம்பிச்ச சவுண்ட்கார்டன் பாண்டோட கிட்டாரிஸ்ட். தொண்ணூறுகள்ல நிர்வானா, பேர்ல் ஜாம்னு ஒரு கூட்டம் கலக்கிச்சே, அதுல இவங்க சீனியர்.

சரி, மேட்டருக்கு வர்றேன். இவங்க முதல் ஆல்பம் 'அல்ட்ராமெகா ஓகே' 1988ல வந்தது. கிராமி பரிந்துரை வரைக்கும் போச்சு. ஆனா அதோட ஒலி பாண்டுக்கே பிடிக்கலை. சீக்கிரமே திரும்ப மிக்ஸ் பண்ணிடலாம்னு நினைச்சாங்க. அதுக்குள்ள பெரிய கம்பெனி ஒப்பந்தம், 1989ல அடுத்த ஆல்பம். எங்க ஆபீஸ்ல 'ஃபேஸ் டூல பாத்துக்கலாம்'னு சொல்ற வேலை என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். இதுவும் அப்படித்தான், 2017 மார்ச் வரைக்கும்.

மிக்ஸ் பண்ணினவர் ஜாக் எண்டினோ. நிர்வானாவோட முதல் ஆல்பத்தைப் பதிவு பண்ணின அதே ஆள். யாரும் எதையும் திரும்ப வாசிக்கலை, பாடலை. அதே 1988 டேப்புதான். அம்பது வயசுல திரும்பப் பாடியிருந்தா அது வேற ஆல்பம். இதுல கிறிஸ் கார்னெல் என்னை விடச் சின்னப் பையன், இருபத்தி மூணு இருபத்தி நாலு வயசு. 'ஃப்ளவர்' பாட்டைக் கேளுங்க. ஆம்ப் பக்கத்துல கிட்டாரைக் கிடத்தி, கம்பி மேல வாயால ஊதியிருக்கார் தய்யில். சித்தார் மாதிரி ஒரு சத்தம். எனக்கென்னவோ பழசுல எல்லாமே பக்கத்துத் தெருவுல வாசிக்கிற மாதிரி இருந்தது, புதுசுல நம்ம திண்ணைக்கே வந்துட்டாங்க.

வெளிவந்து ரெண்டே மாசம். மே 18 அன்னைக்கு கார்னெல் போய்ட்டார். இன்னொரு தடவை தள்ளிப் போட்டிருந்தா அவர் இல்லாமத்தான் இது வந்திருக்கும்.

இதைச் செய்ய முடிஞ்சதுக்குக் காரணம், டிரம்ஸ், கிட்டார், குரல்னு எல்லாம் டேப்புல தனித்தனித் தடமா இருந்ததுதான். எங்க பாட்டா வில்லுப்பாட்டுக் குழுவுல குடம் அடிச்சவர். ஒரு கோயில் கொடையில அப்பா பதிவு பண்ணின கேசட் ஒண்ணுதான் இப்ப மிச்சம். குடம், வில்லு, உடுக்கை, ஜெனரேட்டர் எல்லாம் ஒரே தடம். சோர்ஸ் கோடு இல்லை, எக்ஸிகியூட்டபிள் மட்டும் கையில இருக்குன்னு வச்சுக்கோங்க. நானும் சாஃப்ட்வேர்ல போட்டுப் பாத்தேன். ஜெனரேட்டரைக் குறைச்சா குடமும் கூடவே போகுது.

பி பக்கத்துல ஒரு இடம் உண்டு. ஜெனரேட்டர் நின்னுடும், மைக் செத்துடும். டேப் ரிக்கார்டர் பேட்டரியில ஓடினதால பதிவு நிக்கலை. ஒரு பதினஞ்சு செகண்ட். வெறும் குடம், பாட்டா போடுற "ஆமா", அப்புறம் யாரோ "லே, டீசல் கொண்டா"ன்னு கத்துறாங்க.